வழியை மூடியவர் யார்? ஓர் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நீண்ட விடை

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் சென்ற வாரம் ஒரு வீட்டுப்பாட வினாவைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். வினா இதுதான்: "1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றியது, ஐரோப்பியர் இந்தியாவுக்குப் புதிய கடல்வழி காணக் காரணமாயிற்று. விளக்குக. (5 மதிப்பெண்)." அதன் கீழே அவளுடைய குறிப்பு: "சித்தி, நாளைக்கே எழுதிக் காட்டணும். சுருக்கமா சொல்லுங்க."

இவ்வினா எனக்குப் புதிதன்று. பள்ளி நாட்களில் நானும் இதற்கு விடை எழுதி முழு மதிப்பெண் பெற்றிருக்கிறேன். நாட்டின் எந்தப் பகுதியில் படித்தவராயினும் இவ்விடையை ஏதேனும் ஒரு வடிவில் அறிந்திருப்பர். துருக்கியர் நகரைப் பிடித்தனர். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான நிலவழி மூடப்பட்டது. ஐரோப்பாவில் மிளகுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. வேறு வழியின்றிப் போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடல்வழி தேடினர். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். ஐந்து வாக்கியங்கள், ஐந்து மதிப்பெண்கள்.

இவற்றுள் முதல் வாக்கியமும் இறுதி வாக்கியமும் ஐயத்துக்கு இடமற்ற உண்மைகள். இடையிலுள்ள மூன்றும்தான் சான்றுகளோடு பொருந்தவில்லை. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் லைபையர் 1915இல் இங்கிலீஷ் ஹிஸ்டாரிகல் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையொன்றில், துருக்கியர் வணிகவழிகளை அடைத்தனர் என்னும் கருத்தை விரிவாக மறுத்துவிட்டார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஆய்வுலகில் கைவிடப்பட்ட ஒரு விளக்கம் வகுப்பறையில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அது ஏன் தவறு என்பதையும், தவறென்று தெரிந்தபின் ஒரு மாணவி தேர்வுத்தாளில் என்ன எழுதலாம் என்பதையும் இப்பதிவில் பேச விரும்புகிறேன். வரலாற்று மாணவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.

1. முதலில் நிலப்படம்

மலபாரில் விளைந்த மிளகு 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தை எவ்வழியே அடைந்தது? முதன்மையான வழிகள் இரண்டு. கள்ளிக்கோட்டை போன்ற துறைமுகங்களிலிருந்து பருவக்காற்றின் துணையோடு அரபிக்கடலைக் கடந்த கலங்கள் ஏடனை அடைந்தன. சரக்கு அங்கிருந்து செங்கடலின் வழியே வடக்கே சென்று, ஒட்டகங்களின் முதுகில் கெய்ரோவுக்கும், நைல் ஆற்றின் படகுகளில் அலெக்சாண்ட்ரியாவுக்கும் போயிற்று. இது முதல் வழி. பாரசீக வளைகுடாவின் வாயிலிலுள்ள ஹோர்முஸ் தீவை அடைந்து, பாஸ்ரா வழியாகப் பாலைவன வணிகக் கூட்டங்களோடு சிரியாவின் அலெப்போ, டமாஸ்கஸ் நகரங்களுக்குச் சென்று, பெய்ரூத் போன்ற துறைமுகங்களில் கப்பலேறியது இரண்டாவது வழி. வெனிஸ் அரசு ஏலம் விட்டு அனுப்பிய வணிகக் கப்பல்கள் அலெக்சாண்ட்ரியாவுக்கும் பெய்ரூத்துக்கும் ஆண்டுதோறும் வந்து சரக்கெடுத்தன.

இவ்விரு வழிகளில் எதிலும் கான்ஸ்டாண்டிநோபிள் இல்லை. அலெக்சாண்ட்ரியாவிலிருந்து அந்நகரம் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, கருங்கடலின் வாயிலில் இருக்கிறது. மிளகு அதைக் கடந்து செல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

எகிப்தையும் சிரியாவையும் 1453இல் ஆண்டவர்கள் உதுமானியத் துருக்கியரும் அல்லர். அவை கெய்ரோவைத் தலைநகராகக் கொண்ட மம்லுக் சுல்தான்களின் ஆட்சிப்பகுதிகள். உதுமானியர் சிரியாவை 1516இலும் எகிப்தை 1517இலும்தான் கைப்பற்றினர். காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த ஆண்டு 1498. ஆக, மிளகு வழிகளுள் முதன்மையானது உதுமானியரின் கைக்கு வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே போர்த்துகீசியர் மலபாரில் நங்கூரமிட்டுவிட்டனர். பின்னால் நிகழ்ந்த ஒன்று முன்னால் நிகழ்ந்ததற்குக் காரணமாக முடியாது.

கருங்கடல் வழியாக வந்த நிலவழி ஒன்று உண்டே எனச் சிலர் கேட்கலாம். உண்டு. மங்கோலியப் பேரரசு வலுவாயிருந்த 13ஆம் நூற்றாண்டிலும் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கஃபா, தானா, திரபிசோந்து ஆகிய கருங்கடல் துறைமுகங்கள் வழியாக ஜெனோவா, வெனிஸ் வணிகர்கள் ஆசியாவின் உட்பகுதிவரை சென்றனர். பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அரசு 1335க்குப் பின் சிதறியது; அதே நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவ்வழியின் பாதுகாப்பும் குலைந்தது. துருக்கியர் நகரைப் பிடிப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. எஞ்சியிருந்த பாரசீகப் பட்டு வணிகமோ உதுமானியருக்கு 1326 முதல் உரியதாயிருந்த பூர்சா நகரத்தில் செழித்தது. இத்தாலிய வணிகர்கள் அங்கேயே வந்து பட்டு வாங்கினர். அதன் சுங்கவரி உதுமானிய அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. வரி தரும் சந்தையை அடைத்துவிட எந்த அரசுக்கும் விருப்பமிராது.

2. வெற்றிக்குப் பின் சுல்தான் செய்தது என்ன?

இரண்டாம் மெஹ்மத் 1453 மே 29இல் நகருக்குள் நுழைந்தார். அடுத்த சில நாட்களிலேயே, நகரத்துக்கு எதிர்க்கரையில் கலாத்தா பகுதியில் குடியிருந்த ஜெனோவா வணிகர்களுக்கு உயிர், உடைமை, வணிகம் ஆகியவற்றுக்கு உறுதியளிக்கும் சாசனம் ஒன்றை வழங்கினார். முற்றுகையில் நகரத்தாரின் பக்கம் நின்று போரிட்ட வெனிஸ் மக்களோடும் ஓராண்டுக்குள், 1454 ஏப்ரலில், ஒப்பந்தம் செய்துகொண்டார். வெனிஸ் வணிகர்கள் திரும்பி வந்தனர். அவர்களுடைய நலன் காக்க வெனிஸ் அரசின் பிரதிநிதி ஒருவர் அந்நகரில் தங்கினார்.

உதுமானியருக்கும் வெனிசுக்கும் 1463 முதல் 1479 வரை நீண்ட போர் நடந்தது உண்மையே. ஆயினும் மிளகு வாங்கும் இடம் அலெக்சாண்ட்ரியா. அங்கே ஆட்சி செய்தவர் வேறொருவர். வெனிசின் கணக்கேடுகளைக்கொண்டு மிளகு விலையை ஆராய்ந்த பிரெடெரிக் லேன், காமாவின் பயணத்துக்கு முந்தைய பல பத்தாண்டுகளில் விலை ஏறவில்லை என்றும், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த உயர்ந்த விலையைவிடத் தாழ்ந்தே நின்றது என்றும் காட்டினார். வழி அடைபட்டிருந்தால் முதலில் ஏறியிருக்க வேண்டியது விலைதான்.

வணிகத்தில் இடர்ப்பாடே இல்லை என்பதன்று என் வாதம். மம்லுக் சுல்தான் பர்ஸ்பே 1420களில் மிளகு விற்பனையை அரசின் ஏகபோகமாக்கி, வெனிஸ் வணிகர்களை அவர் சொன்ன விலைக்கு வாங்குமாறு வற்புறுத்தினார். அதற்கும் முன்பு, சிலுவைப்போர் அரசுகளின் கடைசிக் கோட்டையான ஆக்கர் 1291இல் வீழ்ந்தபோது, எகிப்தோடு வணிகம் செய்யக் கூடாது எனத் தடை விதித்தவர் போப்பாண்டவர். அதே 1291இல் ஜெனோவாவைச் சேர்ந்த விவால்தி சகோதரர்கள் இரு கப்பல்களோடு ஜிப்ரால்டரைக் கடந்து, பெருங்கடல் வழியாக இந்தியாவை அடையப் புறப்பட்டனர், திரும்பி வரவில்லை. கடல்வழியில் இந்தியாவை அடையும் எண்ணம் கான்ஸ்டாண்டிநோபிளின் வீழ்ச்சிக்கு 162 ஆண்டுகள் மூத்தது.

3. பிறகு நாட்காட்டி

மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, "ஏன்" என்று தொடங்கும் வினா வந்தால் முதலில் ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள் என்பது. போர்த்துகலின் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

1415: வட ஆப்பிரிக்காவின் சியூட்டா நகரைப் போர்த்துகல் கைப்பற்றியது.
1434: இளவரசர் ஹென்றியின் ஆதரவில் சென்ற மாலுமி ஜில் எயானிஸ், அதுவரை யாரும் கடந்து திரும்பாததாகக் கருதப்பட்ட பொஜடோர் முனையைக் கடந்தார்.
1441: ஆப்பிரிக்கக் கரையில் பிடிக்கப்பட்ட மனிதர்கள் போர்த்துகலுக்குக் கொண்டுவரப்பட்டனர்.
1444: போர்த்துகலின் தென்கரையிலுள்ள லாகோஸ் ஊரில் 235 ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டனர்.

இவையனைத்தும் 1453க்கு முன்னர் நிகழ்ந்தவை. பின்னர் நிகழ்ந்தவற்றையும் பார்ப்போம். 1469இல் லிஸ்பன் வணிகர் பெர்னாவ் கோமிஸ், மேற்கு ஆப்பிரிக்க வணிக உரிமையை அரசரிடம் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டுக்கு நூறு லீக் தொலைவு புதிய கரையை ஆராய வேண்டும் என்பது நிபந்தனை. 1482இல் இன்றைய கானாவின் கரையில் எல்மினா கோட்டை எழுந்தது. 1488இல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1498இல் காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார்.

இப்பட்டியல் முழுவதையும் "இந்தியாவைத் தேடிய பயணம்" என்று பெயரிடுவது, கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை எழுதுவதாகும். சியூட்டாவைப் பிடித்தவர்களின் கண் சகாராவைக் கடந்து வந்த மேற்கு ஆப்பிரிக்கத் தங்கத்தின் மீதும் மொராக்கோவின் தானியத்தின் மீதும் இருந்தது. போரில் புகழும் பட்டமும் தேடிய பிரபுக்குலத்தாரும், இசுலாமியருக்கு எதிரான அறப்போர் என்று அதைக் கருதியவர்களும் அவர்களோடு இருந்தனர். ஹென்றி 1460இல் இறந்தபோது அவருடைய மாலுமிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையைத் தாண்டியிருக்கவில்லை. கோமிசுக்கும் எல்மினாவுக்கும் இலாபம் தந்தவை தங்கமும் அடிமை வணிகமும், கினியக் கரையில் கிடைத்த ஒருவகைக் காரமான மணிகளும். இந்தியாவை நேரடியாக அடைய வேண்டும் என்பது அரசின் தெளிவான திட்டமாக உருப்பெற்றது 1481இல் அரியணை ஏறிய இரண்டாம் ஜோவாவின் காலத்தில்தான். அப்போது கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

"துருக்கியர் வழியை அடைத்தனர், போர்த்துகீசியர் இந்தியாவைத் தேடினர்" என்னும் வாக்கியத்தில் ஆப்பிரிக்கா ஒரு தடையாக, சுற்றிக் கடக்க வேண்டிய நிலமாக மட்டுமே வருகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பயணங்களுக்குச் செலவுத்தொகை அளித்ததே ஆப்பிரிக்காதான் என்பது மறைந்துபோகிறது. லாகோசில் பங்கிடப்பட்ட அந்த 235 பேரும் மறைந்துபோகின்றனர்.

4. இரண்டு சாட்சிகள்

வழி திறந்திருந்தது என்பதற்குப் போர்த்துகீசியரின் வரலாற்றிலிருந்தே இரண்டு சாட்சிகளை அழைக்கலாம்.

முதல் சாட்சி பேரோ ட கொவிலா. 1487இல் இரண்டாம் ஜோவா இவரை இந்தியாவின் வணிகத்தை உளவறிந்து வர அனுப்பினார். அரபு மொழி அறிந்த கொவிலா தேன் வணிகர் வேடத்தில் அலெக்சாண்ட்ரியாவை அடைந்து, கெய்ரோ, செங்கடல், ஏடன் வழியாகக் கண்ணனூருக்கும் கள்ளிக்கோட்டைக்கும் கோவாவுக்கும் சென்றார். பின்னர் ஹோர்முசையும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையையும் பார்த்துவிட்டுக் கெய்ரோவுக்குத் திரும்பினார். அடைபட்டதாக நாம் எழுதும் அதே வழியில், கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்து 34 ஆண்டுகளுக்குப் பின், போர்த்துகல் அரசரின் ஒற்றரே பயணம் செய்திருக்கிறார்.

இரண்டாவது சாட்சி கள்ளிக்கோட்டைத் துறையில் நின்றது. 1498 மே மாதம் காமா முதலில் கரைக்கு அனுப்பிய மனிதரை ஊரார் இரண்டு வணிகர்களிடம் அழைத்துச் சென்றனர். அவர்கள் வட ஆப்பிரிக்காவின் துனிசைச் சேர்ந்த முசுலிம்கள். ஸ்பானியரின் மொழியும் ஜெனோவா மொழியும் பேசினர். இங்கே எதற்காக வந்தீர்கள் என்று வியந்து கேட்டவர்களுக்கு, கிறித்தவர்களையும் நறுமணப் பொருட்களையும் தேடி வந்ததாகப் பதில் கிடைத்தது என்கிறது அப்பயணத்தின் நாட்குறிப்பு. மத்தியதரைக் கடலின் கரையில் பிறந்து, இத்தாலிய மொழி பேசும் வணிகர் இருவர் கள்ளிக்கோட்டையில் சர்வசாதாரணமாக வாழ்ந்திருக்கின்றனர். காமாவின் வியப்பைவிட அவர்களுடைய வியப்பே எனக்குப் பொருள் நிறைந்ததாகத் தோன்றுகிறது. எளிய வழி இருக்க, இவ்வளவு சுற்றி எதற்கு வந்தார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

சுற்றி வந்ததற்குக் காரணம் இருந்தது. மலபாரிலிருந்து வெனிஸ் வரை மிளகு பல கைகள் மாறியது. ஏடனிலும் கெய்ரோவிலும் வரி, இறுதியில் வெனிசின் இலாபம். ஐரோப்பாவில் மிளகு கிடைத்தது, ஆனால் அதன் இலாபம் வெனிசுக்கும் கெய்ரோவுக்கும் போயிற்று. விளையும் இடத்திலேயே நேரடியாக வாங்கி அந்த இலாபத்தைத் தன்வசப்படுத்துவதே போர்த்துகலின் நோக்கம். இது தட்டுப்பாட்டால் விளைந்த தேடலைவிட, போட்டியால் விளைந்த தேடல் என்பதே பொருத்தம்.

5. அப்படியானால் 1453க்குப் பங்கே இல்லையா?

உண்டு. அதை மறுப்பதும் நேர்மையாகாது.

முதலாவதாக, நகரத்தின் வீழ்ச்சி ஐரோப்பாவில் சிலுவைப்போர் உணர்வை மீண்டும் கிளறியது. போப்பாண்டவர் துருக்கியருக்கு எதிராகப் படை திரட்ட அழைத்தபோது, போர்த்துகல் அரசர் ஐந்தாம் அபோன்சோ ஆர்வத்தோடு முன்வந்தார். அந்தப் போருக்கென 1457இல் குருசாடோ என்னும் பொற்காசை அடித்தார். அதற்கான தங்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சிலுவைப்போர் நடக்கவில்லை. திரட்டிய படையை அவர் 1458இல் மொராக்கோவுக்கு எதிராகத் திருப்பி, அல்காசர் செகெர் நகரைப் பிடித்தார். 1453இன் அதிர்வு போர்த்துகலை எட்டியது. எட்டியபின் அது சென்ற திசை இந்தியா அன்று.

இரண்டாவதாக, ஜெனோவா தன் கருங்கடல் குடியிருப்புகளைப் படிப்படியாக இழந்தது. 1475இல் கஃபாவும் உதுமானியர் வசமாயிற்று. ஜெனோவாவின் செல்வமும் அனுபவமும் மேற்கே ஸ்பெயின், போர்த்துகல், அட்லாண்டிக் தீவுகள் ஆகியவற்றின் சர்க்கரைத் தோட்டங்களையும் கடல் வணிகத்தையும் நோக்கி நகர்வது ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இவ்விழப்பு அதை விரைவுபடுத்தியது. கொலம்பஸ் ஜெனோவாவைச் சேர்ந்தவர் என்பதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். 1453 ஒரு துணைக்காரணம் என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. "வழி மூடப்பட்டது" என்பதே மறுப்புக்குரியது.

6. உண்மையில் வழியை மூட முயன்றவர்கள்

இக்கதையில் ஒரு வணிகவழியைத் திட்டமிட்டு அடைக்க முயன்ற அரசு ஒன்று இருக்கவே செய்கிறது. அது போர்த்துகல்.

1502இல் இரண்டாம் முறை வந்த காமா, கள்ளிக்கோட்டையிலுள்ள முசுலிம் வணிகர்களை வெளியேற்றுமாறு சாமூதிரி மன்னரிடம் கோரினார். அதே பயணத்தில், மக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிய கப்பல் ஒன்று அவருடைய ஆணையால் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டது. பின்னர், கார்தாஸ் என்னும் அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியப் பெருங்கடலில் செல்லும் கலங்களைக் கைப்பற்றும் முறை ஏற்பட்டது. 1509இல் டையூ அருகே மம்லுக், குஜராத், கள்ளிக்கோட்டைக் கலங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்துத் தோற்றன. 1510இல் கோவா, 1511இல் மலாக்கா, 1515இல் ஹோர்முஸ் ஆகியவை போர்த்துகீசியர் வசமாயின. செங்கடலின் வாயிலை அடைப்பதற்காக அல்புகெர்க் 1513இல் ஏடனைத் தாக்கித் தோல்வியுற்றார். அத்தோல்வியால் செங்கடல் வழி முழுமையாக அடைபடாமல் தப்பியது.

1517இல் எகிப்தைப் பெற்ற உதுமானியர் செய்தது இதற்கு நேர்மாறானது. செங்கடலைத் திறந்து வைத்திருப்பதில் அவர்களுக்கு வருவாய் இருந்தது. 1538இல் அவர்களுடைய கடற்படை டையூ வரை வந்து போர்த்துகீசியரைத் தாக்கியது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாண்ட்ரியா வழியாக வெனிசுக்குச் சென்ற மிளகு வணிகம் மீண்டும் தழைத்தது. 1568இல் சூயசில் கால்வாய் வெட்ட இயலுமா என ஆராயும்படி உதுமானிய முதலமைச்சர் சொக்கொல்லு மெஹ்மத் பாஷா எகிப்துக்கு ஆணை அனுப்பினார். கால்வாய் வெட்டப்படவில்லை. ஆயினும், வழியை அடைத்தவர்கள் என்று நாம் மனப்பாடம் செய்தவர்கள் கால்வாய் வெட்டத் திட்டமிட்டனர் என்பது நினைவில் இருத்தத்தக்கது.

7. ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு தேவையா?

நண்பர்கள் சிலர் இக்கேள்வியைக் கேட்பதுண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு, பெரியவளானபின் தானே கற்றுக்கொள்வாள் என்பர். பெரும்பாலான மாணவர்களுக்கு உலக வரலாறு பள்ளியோடு முடிந்துவிடுகிறது. பொறியாளராகவோ மருத்துவராகவோ வங்கி ஊழியராகவோ ஆனபின் அவர்களிடம் எஞ்சியிருப்பது அந்த ஐந்து வாக்கியங்கள்தாம். அவை எஞ்சும்போது ஆண்டுகளும் இடங்களும் உதிர்ந்து, "முசுலிம்கள் வழியை அடைத்தார்கள், ஐரோப்பியர்கள் புது வழி கண்டார்கள்" என்னும் சாரம் மட்டும் நிற்கிறது. இன்றைய கைப்பேசிக் குழுக்களில் அச்சாரம் எவ்வாறெல்லாம் பயன்படுத்தப்படுகிறது என்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். உதுமானியரையும் மம்லுக்குகளையும் வேறுபடுத்தத் தெரியாத ஒருவருக்கு, ஒரு மதத்தினர் அனைவரையும் ஒரே கையாகக் காண்பது எளிது.

மற்றொரு சேதமும் உண்டு. "இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தல்" என்னும் தொடர், அரபிக்கடலில் நூற்றாண்டுகளாகச் சென்றுவந்த குஜராத்தியர், அரபியர், மலபார் மாப்பிள்ளைகள் ஆகியோரின் கடலறிவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில் ஏறிய வழிகாட்டி மாலுமியின் உதவியோடுதான் காமாவின் கப்பல்கள் நான்கு வாரங்களுக்குள் அரபிக்கடலைக் கடந்தன. புதிதாக இணைக்கப்பட்டது அட்லாண்டிக் பெருங்கடல். இந்தியப் பெருங்கடலின் வழி முன்பே இருந்தது.

8. விடைத்தாளில் என்ன எழுதுவது?

இவற்றையெல்லாம் அன்றிரவு அவளிடம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே: "இப்படி எழுதினா மார்க் போடுவாங்களா, சித்தி?"

நியாயமான கேள்வி. போடுவார்கள் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. வினாவே விடையைத் தனக்குள் வைத்திருக்கும்போது, அதை மறுத்து எழுதும் பிள்ளை தண்டிக்கப்படக்கூடும். நம் ஆய்வுநேர்மைக்காக ஒரு குழந்தையின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்கும் உரிமை நமக்கில்லை. எனவே, பாடநூலின் கருத்தை ஒரு கருத்தாக முதலில் பதிந்து, சான்றுகளைப் பின்னர் வைக்கும் விடை ஒன்றை இருவரும் சேர்ந்து அமைத்தோம். சொற்கள் பெரும்பாலும் அவளுடையவை:

"1453இல் உதுமானியத் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றியதால் கிழக்குக்கான வணிகவழி தடைப்பட்டது, எனவே ஐரோப்பியர் கடல்வழி தேடினர் எனக் கூறப்படுகிறது. இந்நிகழ்ச்சி ஐரோப்பாவில் அச்சத்தை உண்டாக்கியது. ஜெனோவா வணிகர்களை மேற்கு நோக்கித் திரும்பச் செய்தது. ஆனால் இந்திய மிளகு பெரும்பாலும் எகிப்து, சிரியா வழியாகச் சென்றது. அவற்றை உதுமானியர் 1516-17இல்தான் கைப்பற்றினர். போர்த்துகீசியர் தங்கமும் வணிகமும் தேடி 1415 முதலே ஆப்பிரிக்கக் கரையில் பயணம் செய்தனர். வெனிசுக்கும் எகிப்துக்கும் கிடைத்த மிளகு இலாபத்தைத் தாமே பெற விரும்பியது 1498இல் காமா கள்ளிக்கோட்டைக்கு வர முக்கியக் காரணம்."

விடைத்தாள் இன்னும் திருத்தப்பட்டு வரவில்லை.

இப்பதிவைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். பாடநூலை மாற்றுவது நம் கையில் இல்லை. வினாத்தாளில் ஒரு சொல்லை மாற்றுவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. "காரணமாயிற்று, விளக்குக" என்பதை "காரணமாயிற்று என்னும் கூற்றை ஆராய்க" என்று மாற்றி, பக்கத்தில் ஒரு நிலப்படத்தையும் நான்கு ஆண்டுகளையும் கொடுத்துப் பாருங்கள். அலெக்சாண்ட்ரியாவையும் கான்ஸ்டாண்டிநோபிளையும் படத்தில் விரலால் தொட்டுப் பார்க்கும் பிள்ளை, மீதியைத் தானே கேட்கும்.